டேட்டாபேஸ் களவு போனாலும் கடவுச்சொல் போகாமல் இருக்க

2025 ஜூனில் "1,600 கோடி கடவுச்சொற்கள் கசிந்தன" என்றொரு செய்தி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கூகுள், பேஸ்புக், அப்பிள் மூன்றையும் யாரோ மொத்தமாக உடைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. பயனரின் கணினிக்குள் புகுந்து, பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் களவு மென்பொருள்கள் இருக்கின்றன. அவை சேர்த்தவையும் பழைய கசிவுகளில் கிடைத்தவையும் கலந்த சுமார் 30 தொகுப்புகள் ஒரே இடத்தில் கண்ணில் பட்டன. அவ்வளவுதான்.

ஆக, கடவுச்சொல் இரண்டு வழியாகப் போகும். ஒன்று, பயனரின் கணினியிலிருந்து. அதை வெப்சைட் நடத்துபவர் தடுக்க முடியாது. மற்றது, வெப்சைட்டின் டேட்டாபேஸிலிருந்து. அது முழுக்க முழுக்க நடத்துபவரின் பொறுப்பு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது.

அது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கும் விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கல்முனையில் ஒரு டியூட்டரி, காத்தான்குடியில் ஒரு துணிக்கடை, அறுகம்பையில் ஒரு விருந்தினர் விடுதி, களுவாஞ்சிகுடியில் ஒரு பழைய மாணவர் சங்கம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கெல்லாம் லொகின் உள்ள வெப்சைட் வந்துவிட்டது. பெரும்பாலும் தெரிந்த பையன் ஒருவர் குறைந்த விலைக்குச் செய்துகொடுத்திருப்பார். அதில் வங்கி விவரம் எதுவும் இல்லை, களவெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில்தான் பிழை இருக்கிறது. டியூட்டரியில் கொடுத்த அதே கடவுச்சொல்லைத்தான் அந்த மாணவி பேஸ்புக்குக்கும் ஜிமெயிலுக்கும் வைத்திருப்பாள். ஜிமெயில் திறந்தால் மீதி எல்லாம் திறக்கும்.

## டேட்டாபேஸ் எப்படி வெளியே போகிறது

சினிமாவில் வருவதுபோல் யாரும் இரவிரவாகப் பூட்டை உடைப்பதில்லை. தேடல் பெட்டியில் பெயருக்குப் பதிலாக டேட்டாபேஸ் கட்டளையை எழுதி அனுப்பினால் அதையும் அப்படியே நிறைவேற்றிவிடும் வெப்சைட்டுகள் இன்னும் இருக்கின்றன. இன்னொரு வழி இதைவிட எளிது: பேக்கப் கோப்பை வெப்சைட்டின் பொதுக் கோப்புறையிலேயே போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். முகவரியை ஊகித்தால் டவுன்லோட் செய்துகொள்ளலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடாமல் விடுவது மூன்றாவது.

இவற்றைத் தடுக்க வேண்டும்தான். ஆனால் கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையைத் தீர்மானிக்கும்போது, டேட்டாபேஸ் ஏற்கெனவே களவு போய்விட்டது என்று வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும். திருடன் முழு அட்டவணையையும் தன் கணினியில் திறந்து வைத்திருக்கிறான். அவன் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் அடிப்படை.

## சேமிக்கும் முறைகள், மோசத்திலிருந்து நல்லதுக்கு

1. அப்படியே எழுதி வைப்பது. பயனர் எதைத் தட்டினாரோ அதுவே அட்டவணையில் இருக்கும். 2009 இறுதியில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் இப்படியே வெளியே போயின. அந்தப் பட்டியல் இன்றுவரை கடவுச்சொல் உடைப்பவர்களின் பாலபாடமாக இருக்கிறது. இந்த முறை ஏன் ஒழியவில்லை என்றால், அது வசதியானது. "தம்பி, மகள்ட பாஸ்வேர்ட ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்று பெற்றோர் போன் எடுத்தால், அலுவலகத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடலாம். அவருக்குத் தெரிகிறது என்றால் திருடனுக்கும் தெரியும்.

2. என்கிரிப்ட் செய்து வைப்பது. ஒரு சாவியைக் கொண்டு எழுத்தைக் குழப்பி வைப்பது. அதே சாவி இருந்தால் பழையபடி மீட்கலாம். பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் சாவியும் அதே சேர்வரில்தான் இருக்கும். டேட்டாபேஸை எடுத்தவன் பெரும்பாலும் சாவியையும் எடுத்திருப்பான். 2013இல் அடோபி நிறுவனத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. சாவி வெளியே வரவேயில்லை. ஆனால் ஒரே கடவுச்சொல் வைத்த எல்லோருக்கும் ஒரே குழப்பிய எழுத்து வந்தது. பக்கத்திலேயே ஒவ்வொருவரும் எழுதிய நினைவுக்குறிப்பு வெளிப்படையாக இருந்தது. நூறு பேர் ஒரே எழுத்தை வைத்திருந்து, அதில் ஒருவர் "ஒன்று முதல் ஆறு வரை" என்று குறிப்பு எழுதியிருந்தால் நூறு பேரின் கடவுச்சொல்லும் போயிற்று. கோடிக்கணக்கான கணக்குகள் உள்ள பட்டியலில் இப்படிக் குறுக்கெழுத்துப் போட்டிபோல் விடை நிரப்பினார்கள்.

3. ஹாஷ் செய்து வைப்பது. ஹாஷ் என்பது ஒருவழிக் கணக்கு. எழுத்தைக் கொடுத்தால் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு விடை வரும். விடையிலிருந்து எழுத்துக்குத் திரும்ப வழியில்லை, சாவி என்று ஒன்றே கிடையாது. லொகின் செய்யும்போது பயனர் தட்டியதை மறுபடி ஹாஷ் செய்து, சேமித்த விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடவுச்சொல் என்னவென்று வெப்சைட்டுக்கே தெரியாது. இதுதான் சரியான திசை. ஆனால் எந்த ஹாஷ் என்பதில் எல்லாம் இருக்கிறது. எம்.டி.5, ஷா-1, ஷா-256 போன்றவை பெரிய கோப்புகளை வேகமாகச் சரிபார்க்கச் செய்யப்பட்டவை. அந்த வேகம் இங்கே எமனாகிவிடுகிறது. திரும்ப வழியில்லை என்றாலும் ஊகிக்க வழி இருக்கிறதே! ஒவ்வொரு சொல்லாக ஹாஷ் செய்து, பட்டியலில் அந்த விடை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்தின் 65 இலட்சம் ஷா-1 ஹாஷ்கள் வெளியே வந்தபோது மிகப் பெரும்பகுதி உடைந்தது. உண்மையில் போனது 11 கோடிக்கு மேல் என்று 2016இல் தெரியவந்தது.

4. சோல்ட் சேர்த்து, மெதுவான ஹாஷ். சோல்ட் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக உருவாக்கும் தற்செயல் எழுத்துத் தொடர். அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹாஷ் செய்தால், ஒரே கடவுச்சொல் வைத்த இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை வரும். சோல்ட் இரகசியம் இல்லை. ஹாஷ் பக்கத்திலேயே கிடக்கலாம். மெதுவான ஹாஷ் என்பது வேண்டுமென்றே நேரம் எடுக்கும்படி கட்டிய கணக்கு. இரண்டுமே புதிய யோசனைகள் இல்லை. யூனிக்ஸ் கணினிகளுக்காக ராபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் 1979லேயே இவற்றை எழுதிவிட்டார்கள்.

## கையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"மெதுவான ஹாஷ்" என்றால் எவ்வளவு மெது? நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்பது.

இலங்கையின் கைத்தொலைபேசி இலக்கம் 07இல் தொடங்கும். மீதி 8 இலக்கங்கள். அதிகபட்சம் 10 கோடி சாத்தியங்கள். புழக்கத்தில் இல்லாத தொடர்களைக் கழித்தால் இன்னும் குறையும். கேம் விளையாடுபவர்கள் வாங்கும் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றே எம்.டி.5 ஹாஷை நொடிக்கு 16,000 கோடிக்கு மேல் போடும். 10 கோடியையும் முடிக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. சோல்ட் இல்லாவிட்டால் அந்த ஒரே ஓட்டத்தில் டியூட்டரியின் 800 மாணவர்களில் போன் இலக்கம் வைத்த எல்லோரும் மாட்டுவார்கள்.

சரி, எம்.டி.5க்கே சோல்ட் சேர்த்தால்? ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஓட வேண்டும். 800 பேருக்கும் சேர்த்து அரை நொடி. சோல்ட் போட்டுவிட்டோமே என்று திருப்திப்படுபவர்கள் இந்த அரை நொடியைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பி-கிரிப்ட் என்ற மெதுவான ஹாஷுக்கு வருவோம். அதில் கடினம் என்றொரு அமைப்பு உண்டு; அதை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். அதை 12 என்று வைத்தால், அதே கார்டு நொடிக்குச் சுமார் 1,400தான் போட முடியும். ஒரு மாணவரின் 10 கோடி சாத்தியங்களுக்கு ஏறத்தாழ 20 மணிநேரம். 800 பேரையும் முழுதாகத் தேட 640 நாள் தாண்டும்.

இந்தக் கணக்கு இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. முறையை மாற்றியதால் மட்டும் அரை நொடி வேலை ஏறக்குறைய இரண்டு வருட வேலையாகிவிட்டது. ஆனால் திருடன் குறிப்பிட்ட ஒருவரைத்தான் குறிவைக்கிறான் என்றால், 20 மணிநேரம் ஒன்றும் பெரிதில்லை. அதுவும் அவரது இலக்கம் அதே அட்டவணையின் அடுத்த கட்டத்தில் இருந்தால் அந்த 20 மணிநேரமும் தேவையில்லை, முதல் ஊகத்திலேயே திறக்கும். எந்த ஹாஷும் தொலைபேசி இலக்கத்தைக் காப்பாற்றாது. பதிவு செய்யும்போதே, கடவுச்சொல் போன் இலக்கமாகவோ அடையாள அட்டை இலக்கமாகவோ இருந்தால் ஏற்க மறுப்பது நல்லது. ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இலவச சேவைகளும் உண்டு.

## எதைத் தேர்வது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஆர்கான்2ஐடி. 2015இல் முடிந்த சர்வதேசக் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்றது ஆர்கான்2; அதன் ஒரு வகை இது. நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்பதால், ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒரே சமயத்தில் ஓட்டும் கார்டுகள் திணறும். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு இதற்குச் சொல்லும் குறைந்தபட்ச அமைப்புகளில் ஒன்று: 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று, 1 இணை ஓட்டம். அது கிடைக்காத ஹோஸ்டிங்கில் 1999இல் வந்த பி-கிரிப்ட் இன்றும் தாங்கும். எஸ்-கிரிப்ட் என்ற இன்னொரு மெதுவான ஹாஷும் நல்லதுதான். பி.பி.கே.டி.எஃப்.2 என்ற பழைய முறைதான் கட்டாயம் என்றால் ஷா-256ஓடு 6 இலட்சம் சுற்று வையுங்கள்.

சொந்தமாக ஒரு முறை கண்டுபிடிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். எம்.டி.5ஐ மூன்று தடவை போட்டு, தலைகீழாகத் திருப்பி, நடுவில் கடைப் பெயரைச் சேர்ப்பது போன்ற வித்தைகள் ஒன்றும் தடுக்காது. வெப்சைட்டின் நிரல் திருடன் கையில் இருந்தால் வித்தையும் அவன் கையில். பல வெப்சைட்டுகள் எழுதப்படும் பி.எச்.பி. மொழியில் 2013 முதலே பாஸ்வேர்ட் ஹாஷுக்கான ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. சோல்ட்டை அதுவே உருவாக்கும், விடையோடு சேர்த்துக் கொடுக்கும். வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோ, லாராவெல் என்ற சட்டகங்கள் இரண்டிலும் இது தானாக நடக்கும். பி.எச்.பி. 8.4இல் பி-கிரிப்ட்டின் இயல்புக் கடினம் 10இலிருந்து 12 ஆனது. வேர்ட்பிரஸ் 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பில்தான் பழைய எம்.டி.5 சார்ந்த முறையை விட்டு பி-கிரிப்ட்டுக்கு வந்தது. அப்டேட் செய்யாமல் வருடக்கணக்கில் ஓடும் ஊர் வெப்சைட்டுகள் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடினத்தை ஏற்றினால் நம் சேர்வருக்கும் வேலை கூடும். 12இல் ஒரு லொகினுக்குக் கால் நொடி எடுக்கிறது என்று வையுங்கள். மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளை மாலை 6 மணிக்கு வெளியிடுகிறோம் என்று டியூட்டரி அறிவித்தால், ஒரு நிமிடத்துக்குள் 300 பேர் உள்ளே வருவார்கள். அதற்கு 75 நொடி கணக்கு வேலை. ஒற்றைக் கோர் சேர்வர் மூச்சுவாங்கும். 10இல் வைத்தால் 19 நொடியோடு முடியும். ஆகவே இலக்கத்தை யாரோ சொன்னதென்று வைக்காமல், சொந்த சேர்வரில் அளந்து பார்த்து, தாங்கக்கூடிய உச்சத்தில் வைக்க வேண்டும். 10க்குக் கீழே போகக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், பலரையும் சிக்க வைப்பது. பி-கிரிப்ட்டின் விடை 60 எழுத்து. முன்னால் முறையின் அடையாளம், பிறகு கடினம், பிறகு 22 எழுத்து சோல்ட், கடைசி 31 எழுத்துதான் உண்மையான ஹாஷ். அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு 50 எழுத்து என்று இடம் ஒதுக்கியிருந்தால் வால் வெட்டுப்பட்டுச் சேமிபடும். அப்புறம் ஒருவராலும் லொகின் செய்ய முடியாது. 255 ஒதுக்கிவிட்டால் நாளை முறை மாறினாலும் கவலையில்லை.

## தமிழில் கடவுச்சொல் வைத்தால்

இங்கிலிஷ் வழிகாட்டிகள் தொடாமல் போகும் பகுதி இது. நம் பயனர்கள் தமிழில் தட்டுவார்கள், தட்டவும் விட வேண்டும். தமிழ்ச் சொற்களால் ஆன நீண்ட வாக்கியம் உடைப்பவர்களின் பட்டியலில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இரண்டு பொறிகள் உள்ளன.

முதலாவது நீளம். பி-கிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் எதையும் பார்க்காது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக. "மட்டக்களப்பு" என்ற சொல்லில் 12 குறிகள், 36 பைட். இரண்டு தடவை எழுதினாலே சரியாக 72. அதன்பின் 1987 என்று சேர்த்தாலும் 2024 என்று சேர்த்தாலும் பி-கிரிப்ட்டுக்கு ஒன்றுதான், இரண்டாலும் கணக்கு திறக்கும். பி.எச்.பி. இதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆர்கான்2இல் இந்தத் தொல்லை கிடையாது. தமிழ்ப் பயனர்களுக்கான வெப்சைட்டுக்கு அதைத் தேர்வதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. "கொக்கட்டிச்சோலை" என்று எழுதுங்கள். முதல் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறிகளாகவும் எழுதலாம். "சோ"வுக்கும் அப்படியே. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பைட்டுகள் வேறு, ஆகவே ஹாஷும் வேறு. வீட்டு மடிக்கணினியில் ஒரு விசைப்பலகையில் பதிவு செய்தவர், போனில் வேறு விசைப்பலகையில் அதே சொல்லைத் தட்டினால் "கடவுச்சொல் பிழை" என்று வரலாம். அவர் எத்தனை தடவை சரியாகத் தட்டினாலும் அதேதான். தீர்வு எளிது: ஹாஷ் செய்யும் முன், யூனிகோடின் என்.எஃப்.சி. என்ற சீராக்கல் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். பதிவிலும் லொகினிலும் இரண்டு இடத்திலும். பெரும்பாலான மொழிகளில் ஒரு வரி வேலை.

## பழைய அட்டவணை இருந்தால்

எம்.டி.5இல் 5,000 பயனர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். பழைய எம்.டி.5 விடையையே எடுத்து அதற்கு மேல் பி-கிரிப்ட் போட்டு, எம்.டி.5ஐ அழித்துவிடலாம். ஒரே இரவில் முடியும் வேலை. பிறகு ஒவ்வொருவரும் லொகின் செய்யும் நேரத்தில் மட்டும் உண்மையான கடவுச்சொல் ஒரு கணம் கையில் வரும். அப்போது புதிய ஹாஷை நேரடியாகப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பழைய பேக்கப்புகளையும் அழிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

## ஹாஷ் சரியாக இருந்தும் போன இடங்கள்

ஆஷ்லி மாடிசன் என்ற வெப்சைட் 2015இல் உடைக்கப்பட்டபோது, கடவுச்சொற்கள் பி-கிரிப்ட்டில் 12 கடினத்தோடு ஒழுங்காக இருந்தன. ஆனால் வேறொரு வசதிக்காக அதே கடவுச்சொல்லை எம்.டி.5இலும் போட்டு இன்னொரு கட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டம் வழியாக ஒரு கோடி 10 இலட்சம் கடவுச்சொற்கள் உடைந்தன.

டுவிட்டரும் பி-கிரிப்ட்தான். ஆனால் ஹாஷ் செய்யும் முன்னரே கடவுச்சொல் உள் பதிவேட்டுக் கோப்பில் எழுதப்பட்டு வந்தது. 2018 மே மாதம் 33 கோடி பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. பேஸ்புக்கிலும் இதே மாதிரியான பிழை 2019இல் வெளிவந்தது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024இல் 9 கோடி 10 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

ஊர் அளவில் இதற்கு ஈடானது: பிழை வந்தால் கண்டுபிடிக்கலாம் என்று லொகின் படிவத்தில் வந்த எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதும் இரண்டு வரி நிரல், வேலை முடிந்தபின்னும் அழிபடாமல் கிடப்பது. அட்டவணையைப் பார்க்கும் முன் அதைத் தேடுங்கள்.

## சட்டமும் பயனரும்

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்பவர் தகுந்த தொழில்நுட்பப் பாதுகாப்பைச் செய்ய வேண்டும் என்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டாலும், சின்ன வெப்சைட் என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போகாது. எம்.டி.5 போதுமா என்று யாராவது வாதிட வந்தால், 1999இலிருந்து மாற்று கையில் இருக்கிறது என்பதே பதில்.

பயனர் பக்கத்திலிருந்து உள்ளே நடப்பதை முழுதாக அறிய முடியாது. ஆனால் இரண்டு அடையாளங்கள் உண்டு. "கடவுச்சொல் 10 எழுத்துக்கு மேல் கூடாது" என்று ஒரு வெப்சைட் சொன்னால் சந்தேகப்படலாம். ஹாஷ் செய்பவருக்கு 10 எழுத்தும் 40 எழுத்தும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். மற்றது சந்தேகமே இல்லாதது: "கடவுச்சொல் மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால், புதிதாக அமைக்க ஒரு இணைப்பு வருவதற்குப் பதிலாக உங்கள் பழைய கடவுச்சொல்லே மின்னஞ்சலில் வந்து சேர்வது. மேலே சொன்ன முதலாவது முறை, அல்லது இரண்டாவது. அந்தக் கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் அன்றே மாற்றுங்கள், ஜிமெயிலை முதலில். மாற்றிய பிறகு அந்த மின்னஞ்சலை இன்பொக்ஸிலிருந்தும் குப்பைக் கோப்புறையிலிருந்தும் அழித்துவிடுங்கள்.